சக்கரத்தில் எட்டு இடம்

சிங்கப்பூரில் நான் வேலைக்குப் போக, புக்கிட் பாத்தோக்கில் ரயில் ஏறினால் நியூட்டனில் இறங்கி மாற வேண்டும். வருஷக்கணக்காக மாறுகிறேன், ஒரு நாளும் தவறியதில்லை. அன்றைக்கு அடுத்த நிலையமான ஆர்ச்சர்ட் வந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். கைப்பேசியில் ஒரு காணொளி. யாரோ ஒருவர் மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்துகிறார். அம்புக்குறியைச் சுற்றி ஒரு சக்கரம் விரிகிறது. சக்கரம் முழுக்கத் துண்டு துண்டாகக் கட்டளைகள். வேண்டிய பக்கம் மவுஸைச் சாய்த்துப் பொத்தானை விட்டால் வேலை முடிந்தது. விசைப்பலகையை அவர் தொடவே இல்லை. எல்லாம் ஒரே கையில்! எதிர்ப்புற ரயிலுக்கு ஓடும்போது யாரையோ இடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் சிரித்து வைத்தேன்.

எனக்கு உருப்படியாக இருப்பது ஒரு கைதான். போன மழைக்காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, மூன்று விரல்கள் மட்டும் மடங்க மாட்டோம் என்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் நான் டிசைனர். வலது கை மவுஸில், இடது கை விசைப்பலகையில் என்று ஓடும் வேலை. நகலெடுக்க இரண்டு விசை, நடுவில் வைக்க மூன்று விசை, எல்லாம் ஒருசேர அழுத்த வேண்டும். ஒவ்வொன்றாக அழுத்தும் வசதியும் கணினியில் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தேன். எந்த விசை அழுந்தி நிற்கிறது என்பதை மறந்து, ஒரு மணப்பெண்ணின் பெயரையே காணாமல் அடித்தேன்.

மெதுவாகச் செய்யலாமே என்பீர்கள். எங்கள் கடையில் அது நடக்காது. கல்யாண வீட்டார் குடும்பத்தோடு வந்து டிசைனர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பெரியப்பா பெயர் மேலே ஏறும், தாய்மாமன் முகம் சுண்டும், உடனே அவர் பெயர் பெரிதாகும். அத்தனையும் அவர்கள் கண்ணெதிரே, அந்த நிமிஷமே நடக்க வேண்டும். தாமதித்தால் அதற்குள் இன்னும் நாலு பெயர் ஞாபகம் வந்துவிடும்.

முதலாளி நல்ல மனிதர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். காணொளி பார்த்த அந்தத் திங்கட்கிழமை என்னைத் தனியாக அழைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சனிக்கிழமை ஒரு கல்யாண வீடு வருதும்மா. நீ உக்காந்து பாரு. முடியலைன்னா கவுண்டர்ல நில்லு. தப்பா நினைக்காத லா.”

கவுண்டர் என்றால் கவர் விற்பது, ரசீது கிழிப்பது. நான் பதினெட்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்காருவார், நான் அதைப் பார்த்துக்கொண்டே கவர் எண்ண வேண்டும். ஐந்து நாள் கையில் இருந்தது.

சக்கரம் காட்டும் மென்பொருள் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று தேடினால், கொட்டிக் கிடக்கிறது. மூன்றை இறக்கினேன். முதலாவது அழகி. கண்ணாடி மாதிரி விரிந்து, சுழன்று, மின்னி ஒரே ஆர்ப்பாட்டம். மயங்கிப்போனேன். கட்டளைகளுக்குத் தமிழில் பெயர் வைத்தேனோ இல்லையோ, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிட்டது. போ மகராசி என்று அழித்தேன். இரண்டாவதில் தமிழ் தெரிந்தது. ஆனால் திறக்க ஒரு சொடுக்கு, தேர்ந்தெடுக்க ஒரு சொடுக்கு. போதாததற்குத் திரை ஓரத்தில் திறந்தால் பாதிச் சக்கரம் வெளியே போய்விடும்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு நான் மல்லுக்கட்டுவதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏர்கான் பழுது பார்க்கிறவர், எதையும் இரண்டு தட்டுத் தட்டி முடிவு சொல்வார்.

“ஒரு மெனுவைத் தேர்ந்தெடுக்க மூணு நாளா? நான் பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல சரின்னுட்டே.”

“அதான் இப்ப நிதானமா பாக்குறேன்” என்றேன். மனிதர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மூன்றாவது சாம்பல் நிறத்தில் அவலட்சணமாக இருந்தது. அழுத்து, சாய், விடு, அவ்வளவுதான். தமிழ் பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு வித்தையும் அதற்குத் தெரிந்திருந்தது: நான் செய்யும் வேலைகளை வரிசையாகப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரே அசைவில் அத்தனையையும் திரும்பச் செய்யும். இருக்கிற கோடுகள் காலி, நான்கு மூலையிலும் மஞ்சள், பிள்ளையார் படம் உச்சியில், சுற்றித் தங்கக் கம்பி என்று கல்யாணப் பத்திரிகைக்கு நான் தினமும் செய்யும் ஒன்பது வேலையைச் சேர்த்து ‘மங்களம்’ என்று பெயர் வைத்தேன். சாய்த்து விட்டேன். வெள்ளைத் தாள் கண் சிமிட்டுவதற்குள் பத்திரிகையாகி நின்றது. ஐயோ, எழுந்து கூடத்தில் ஆடியே விட்டேன்! இரண்டு கை நன்றாக இருந்த காலத்தில்கூட எனக்கு இந்த வேகம் இருந்ததில்லை.

சக்கரத்தில் எட்டு இடம் மட்டுமே. எட்டையும் எதற்குக் கொடுப்பது என்று ஒரு நாள் முழுக்க எழுதி எழுதி அடித்தேன். செய்ததை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் ‘அன்டூ’வுக்கு இடம் இல்லாமல் போயிற்று. தப்புச் செய்தால்தானே அது வேண்டும் என்று விட்டுவிட்டேன். திமிர்தான், வேறென்ன.

சனிக்கிழமை காலை கல்யாண வீட்டார் ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். பெண்ணின் அம்மா ஒன்று சொல்ல, அப்பா அதை மறுக்க, சித்தப்பா புதிதாக ஒன்றைக் கிளப்ப, நான் சாய்த்துச் சாய்த்து விட்டுக்கொண்டே போனேன். பெயர்கள் ஏறின, இறங்கின, பெருத்தன, நடுவில் போய் நின்றன. இடது கை மடியில் சும்மா கிடந்தது. சிங்கப்பூரிலேயே என்னைவிடச் சந்தோஷமான ஆள் அப்போது கிடையாது. முக்கால் மணி நேரத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். முதலாளி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அடுத்து, காத்திருந்த பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு. வாசகம் ஏற்கெனவே தயார், கறுப்புக் கோடும் போட்டாயிற்று. படத்தை மட்டும் நடுவில் வைக்க வேண்டும். கை இன்னும் பழைய குஷியிலேயே இருந்தது. ‘நடுவில் வை’க்குப் பக்கத்துத் துண்டு ‘மங்களம்’. சாய்த்து விட்டேன்.

கறுப்புக் கோடு மறைந்து நான்கு மூலையிலும் மஞ்சள் பூத்தது. அந்த அம்மாவின் தலைக்கு மேல் பிள்ளையார் வந்தார். கறுப்புக் கோடு மறைந்து நான்கு மூலையிலும் மஞ்சள் பூத்தது. பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. என் இடது கை தானாகவே விசைப்பலகைக்குப் பாய்ந்தது; விரல் மடங்கவில்லை. மேலே மெனுவைத் திறந்து ‘அன்டூ’வைத் தேடினேன். ஒன்பது வேலைக்கு ஒன்பது முறை. பின்னால் முதலாளி அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை, இரண்டுமுறை சொடுக்கினேன். கம்பி போயிற்று, பிள்ளையார் போனார். கண் நிறைந்து திரை தெரியவில்லை. நாற்காலி போயிற்று என்றுதான் நினைத்தேன்.

“இருங்கம்மா. மஞ்சளை அழிக்காதீங்க” என்றார் பெரியவர்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“மஞ்சள் பூசி, பூ வெச்சுத்தான் அவளை அனுப்பினோம். கார்டு மட்டும் எதுக்குக் கறுப்பா இருக்கணும்?”

சுமங்கலியாகப் போவது புண்ணியம் என்கிற பேச்சோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவர் புண்ணியத்தைப் பற்றிப் பேசவில்லை, அவளைப் பற்றித்தான் பேசினார். கறுப்புக் கோடு இல்லாமல், மஞ்சளோடு, படத்தை நடுவில் வைத்தேன். இந்த முறை பொத்தானை விடுவதற்குமுன் எந்தத் துண்டு என்று இரண்டு தடவை படித்தேன். அவர் திரைக்குக் கிட்டே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

பெரியவர் முன்பணம் கொடுக்கும்போது முதலாளி மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

“வருஷத் திதிக்கும் கார்டு அடிக்கணும்” என்றார். “அப்பவும் இந்த அம்மாதானே செய்வாங்க?”

முதலாளி என்னைப் பார்த்தார், மடியில் கிடந்த என் கையைப் பார்த்தார்.

“இவங்கதாங்கய்யா செய்வாங்க” என்றார். “வேற யாரு?”