இறந்தபின் முன்னேறிய விரிவுரையாளர்

இறந்து நான்கு மாதம் ஆன பிறகு, முத்துக்குமாரு பல்கலைக்கழகத்தின் மிகவும் முன்னேறிய விரிவுரையாளர் ஆனார். விருது கிடைத்த வாழ்த்துச் செய்தி அவருடைய கைப்பேசிக்கே வந்தது. அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவள் மகள் பிரேமினி.

மின்சார இலாகாவிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு செமிலிங் ஊரில் இருந்த வீட்டில் சும்மா உட்கார முடியாமல், பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் மின்சுற்றுப் பாடம் நடத்தப் போனவர் அவர். பாடங்களைக் காணொளியாக இணையத்தில் ஏற்ற வேண்டும். மாணவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை முறை ஓட்டினார்கள் என்று கணினி எண்ணி, ஆசிரியருக்கு மதிப்பெண் போடும். அவர் கடைசியாக நடத்திய செமஸ்டரில் நூற்றுக்கு நாற்பத்தொன்று கிடைத்தது. கற்பிக்கும் திறன் போதாது என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். பளிச்சென்ற சட்டை போடுங்கள், பின்னணி இசை சேருங்கள் என்றார்கள். எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்து வாயால் "ஓம், ஓம்" என்றுவிட்டு வந்தவர், சோறு இறங்காமல் படுத்தார். மறுநாள் ஒரு மஞ்சள் சட்டை வாங்கினார். உறையைப் பிரிப்பதற்குள் மாரடைப்பு.

பிரேமினிக்குப் பினாங்குத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களின் தரவை ஆராயும் வேலை. விடுப்பெடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மதிப்பீட்டுப் பிரிவில் ஷிரீன் இருந்தாள்.

"அப்பா இறந்துட்டாரு அக்கா."

"தெரியும்மா. சாவுக்கு நானும் வந்தேன்லா. சிஸ்டத்துக்குத்தான் தெரியாது. வீடியோ ஓடுது, அதனால சார் வேலையில இருக்காரு."

"இந்த செமஸ்டர் எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு. கூட வேலை செய்யிற ரவிச்சந்திரன் சாருக்கு மார்க் கொறஞ்சிருச்சு. முத்துக்குமாரு சாரப் பாத்துக் கத்துக்கச் சொல்லிட்டாங்க. பாவம், அவரு எங்க போயிப் பாப்பாரு."

பிரேமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டுக்காரி சிரிக்கிறாளே என்று ஒரு கணம் பார்த்துவிட்டு ஷிரீனும் சிரித்தாள்.

விழா மேடையில் இரண்டு எண்களையும் பெரிதாகக் காட்டுவார்களாம். நாற்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்று மூன்று.

"விருது வேணாம்கா. அந்த நாப்பத்தொன்ன மட்டும் எடுத்துடுங்க. அத நெனச்சிக்கிட்டேதான் அப்பா போனாரு."

"மேல கேட்டுப் பாக்குறேன். நீ போயி கடையில மத்தியான மக்கான் முடிச்சிட்டு வா."

பல்கலைக்கழகத்துக்கு எதிரே அன்சாரின் சாப்பாட்டுக் கடையில், அப்பா வழக்கமாக உட்காரும் மூலை மேசை காலியாக இல்லை. நான்கு மாணவர்கள் ஒரே கைப்பேசியில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேசினார். நிறுத்தினார்கள், சண்டை போட்டார்கள், பின்னால் தள்ளினார்கள். அதையே அவர் மறுபடியும் பேசினார்.

"சார் இருந்தப்ப இந்த வீடியோவ எவனும் தொட மாட்டான்மா," என்றார் அன்சார். "வயரு, பல்பு எல்லாம் என் மேசையிலதான். ஒரு கிளாஸ் தே தாரேக் டீய வெச்சிக்கிட்டு சாயங்காலம் பூரா சொல்லிக்குடுப்பாரு. 'சார், இது கெடாயா செக்கோலாவா, கடையில பள்ளிக்கூடம் நடத்துறீங்களே'ன்னு ஏசியிருக்கேன். இப்ப பசங்களுக்கு வெளங்கல. அவரையே திருப்பித் திருப்பி ஓட்டுறானுங்க."

காணொளியின் முடிவில் அப்பா மலாயில் சொன்னார்: விளங்கவில்லையென்றால் அன்சார் கடைக்கு வாருங்கள்.

"வந்துட்டோம் சார்," என்றான் ஒருவன். கைப்பேசியை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினான்.

பிரேமினி சாப்பிடாமலே எழுந்தாள்.

அலுவலகத்தில் ஷிரீன் உற்சாகமாக இருந்தாள். "வழி இருக்குமா. லீவுல இருக்கறவங்களுக்கு மார்க் வராது. போன செமஸ்டர் சார் லீவுன்னு போட்டுடலாம். நாப்பத்தொன்னு காணாமப் போயிடும்."

"உயிரோட பாடம் நடத்தினப்ப லீவு. செத்தப்புறம் வேலை."

"கேக்க ஒரு மாதிரிதான் இருக்கு."

"நாப்பத்தொன்னு இருக்கட்டும்கா. அப்ப யாருக்கும் வீடியோ தேவைப்படல, அப்பா இருந்தாரு. லீவ இந்த செமஸ்டருக்குப் போடுங்க."

"விருது போயிடும்மா."

"போகட்டும். ரவிச்சந்திரன் சாராவது மூச்சு விடட்டும்."

ஷிரீன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "என்ன லீவு? மெடிக்கல்னா டாக்டர் சர்டிபிகேட் கேக்கும். மிச்சம் பிரசவம், ஹஜ், மேற்படிப்பு. அவ்வளவுதான்."

பிரேமினி யோசித்தாள். "மேற்படிப்பு."

"எப்ப திரும்பி வருவாருன்னு கேக்குது." காலியாக விட்டுப் பார்த்தாள். சிவப்பாக மின்னியது. பத்து வருடம் தள்ளிப் போட்டாள். அதற்கும் சிவப்பு. அடுத்த செமஸ்டரின் முதல் நாளைப் போட்டதும் ஏற்றுக்கொண்டது.

"அன்னைக்கு சார் வரணும்னு காட்டுதும்மா."

"சரிக்கா," என்றாள் பிரேமினி. "வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க."