உட்கார்ந்தே இருப்பவளுக்கு ஆயிரத்து இருநூறு கலோரி

எடையைக் குறைத்தால்தான் முட்டிவலி குறையும் என்று பாலிகிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் மகள் கைப்பேசியில் என் வயது, உயரம், எடை எல்லாவற்றையும் தட்டினாள்.

"ம்மா, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி. அதுக்கு மேல வாயில வைக்கக் கூடாது."

தலையாட்டினேன். எனக்குத் தொடக்கப்பள்ளிப் படிப்புதான். எதிர்த்துப் பேசியும் பழக்கமில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால்கூட, மணியை வேறு யாராவது அடிக்கட்டும் என்று காத்திருப்பவள் நான்.

காலையில் ஒரு துண்டு ரொட்டி, பாலில்லாத தேத்தண்ணீர். பகலில் தராசில் நிறுத்த ஒரு பிடி சோறு. வீட்டில் எல்லோருக்கும் மீன் ஆணம் காய்ச்சுகிறவள் நான்தான். உப்புப் பார்க்க நாக்கில் விட்ட சொட்டையும் மகள் கணக்கில் ஏற்றினாள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள், தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவளுக்குக் கண் இருட்டிவிட்டது. மீன்காரர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார்.

"என்னம்மா, நோம்பு மாசம் இன்னும் வரலையே! அதுக்குள்ள பிடிச்சிட்டீங்களா?"

மீன் வாங்க நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவரே சீனி போட்ட தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தேன். அதை மகளின் கணக்கில் நான் சேர்க்கச் சொல்லவில்லை.

ஃபேரர் பார்க் வீடு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது ஒரே யோசனை. மகள் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன்.

"அந்த நம்பர் எப்படி வந்துச்சு?"

காட்டினாள். அதில் ஒரு கேள்வி இருந்தது, நாளெல்லாம் எவ்வளவு நடமாடுகிறோம் என்று. எனக்கு அவள் போட்டிருந்த பதிலைத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

"நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவங்க."

"யாரு, நானா?"

"வீட்லதானே ம்மா இருக்கீங்க."

"உனக்கு என்ன போட்ட?"

கொஞ்சம் தயங்கினாள். "நல்லா ஓடியாடுறவங்கன்னு. வாரத்துல ரெண்டு நாள் ஜிம் போறேன் லா."

தஞ்சோங் பகார் ஆபீஸில் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயந்தரம்தான் எழுந்திருக்கிறவள் அவள். நான் போய் ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தேன். தொழுகைக்கும் குளியலறைக்கும் தவிர எழுந்திருக்கவே இல்லை. துணி இயந்திரத்துக்குள்ளேயே கிடந்தது, மீன் செதிலோடு ஐஸ்பெட்டியில் கிடந்தது. அடுப்பு பற்றவில்லை.

மருமகன் எட்டிப் பார்த்தார். "மாமி, காய்ச்சலா?"

"இல்ல. நான் உட்கார்ந்தே இருக்கிறவ. போன்லயே போட்டிருக்கு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகள் வந்தாள்.

"ம்மா, விளையாடாதீங்க. பிள்ளைங்க பசிக்குதுங்கறாங்க."

"எனக்கும்தான் பசிக்குது. தேக்காவுல மயங்கி விழப் பார்த்தேன். மீன்காரரு பெட்டியில உட்கார வச்சாரு. இனிமே வீட்லயே உட்கார்ந்துக்கறேன்."

இவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதில்லை. அடுக்களைக்குப் போனாள். மீனைக் கழுவினாள். துணியை மூங்கில் கம்பில் மாட்டி, காயப்போட ஜன்னலுக்கு வெளியே தள்ள முடியாமல் புருஷனைக் கூப்பிட்டாள். எனக்கும் கை பரபரத்தது. மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

சாயந்தரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் மீன்வாடை.

"மயக்கம் வந்தத ஏன் ம்மா சொல்லல?"

"சொன்னா, அதுக்கும் ஒரு மாத்திரை குடுப்ப."

கைப்பேசியை என்னிடமே நீட்டினாள். அந்தப் பதிலை அழித்து, 'ஓடியாடுறவங்க' என்பதை என் விரலாலேயே அமுக்கினேன். கணக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறியது. அடுத்த முறை பாலிகிளினிக் போனபோது அங்கே இருந்த உணவு ஆலோசகரும், என் உடம்புக்கும் வேலைக்கும் அதுதான் சரி, முந்தியது குறைச்சல் என்றார். மகள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. இறங்கட்டும். எனக்கு என்ன அவசரம்? சோற்றை நிறுத்துத்தான் போடுகிறேன், ஆனால் தராசு இப்போது என் கையில். மகள்தான் சில நாள் மெல்ல ஆரம்பிப்பாள்.

"ம்மா, இன்னும் ஒரு நூறு குறைச்சா..."

"சோபா காலியாத்தான் இருக்கு" என்பேன்.