பழைய ஃபில்டரைக் கொண்டு வரச் சொன்னவள்

செய்தி வந்தபோது நான் மாமல்லபுரத்தில் ஏணி மேல் நின்றிருந்தேன். கடலோரமாக, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடு அது. பொய்க்கூரைக்கு மேலே ஒரே ஏசி மெஷின், அங்கிருந்து குழாய் வழியாக எல்லா அறைக்கும் காற்று. அந்த மெஷின் காற்றை உள்ளே இழுக்கும் ஓட்டைத் தட்டை, ஜாலி என்போம், அதைக் கழற்றி, புது ஃபில்டரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். சட்டைப் பையில் போன் விடாமல் அடித்தது. எப்படியோ ஒரு கையை விடுவித்து எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவே வைத்தேன். கடையில் என் கூட்டாளியான தேவகியின் கணவர் மூர்த்தி. "அண்ணே, தேவகி செத்துட்டாண்ணே" என்றார்.

காலையில் டீ போட்டு அவருக்குக் கொடுத்துவிட்டு, தன் டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டு இவர் திரும்பிப் பார்த்தாராம். அவர்கள் ஊரான படாளத்திலிருந்து மதுராந்தகம் ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். நான் "சரி" என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை புரியவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு அந்த ஃபில்டரை மாட்டி முடித்தேன், ஜாலியைத் திருகினேன், கீழே இறங்கினேன். ஃபில்டரின் ஓரத்தில் காற்று போகும் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி இருக்கும். அதை எந்தப் பக்கம் பார்த்து வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மறைந்தவர்களை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. செங்கல்பட்டில் ஒரே கடையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, வாரத்துக்கு இரண்டு சண்டையாவது போட்டவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. நாங்கள் இருவரும் முதலில் வேறொரு முதலாளியிடம் வேலை பார்த்தோம். அவர் கடையை மூடியபோது, "அண்ணாத்த, நாம ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு போடலாமா?" என்று கேட்டவள் அவள்தான். ஏசி விற்பது, மாட்டுவது, சர்வீஸ் செய்வது எல்லாம் எங்கள் வேலை. ஃபில்டர் மட்டும் அவள் ராஜ்யம். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இந்த வட்டாரத்தில் ஏசி தொழிலில் இருந்துகொண்டு அவளிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்.

பழைய ஃபில்டரைக் கண்ணால் பார்க்காமல் புதியதை விற்க மாட்டாள். இந்த இரங்கல் குறிப்பைப் படிக்கும் உங்களில் பலருக்கு இது தெரியும். அதற்காகவே எங்கள் கடைக்கு வராமல் போனவர்களும் உண்டு. "அளவு இது, கொடும்மா" என்று சீட்டை நீட்டினால், "அளவு கீது, அழுக்கு எங்க கீது? பழச எடுத்துகினு வாங்க" என்பாள். கொண்டு வந்தால் வாசலுக்குப் போய் வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடிப்பாள். ஒரு விரலால் தடவிப் பார்ப்பாள். அதன் பிறகுதான் பேச்சே. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மாவு கொட்டியதுபோல வெளுத்த ஃபில்டரோடு வந்து, கடையிலேயே உசத்தியான, நெருக்கமான ஃபில்டர் வேண்டும் என்றார். கல் தூசி என்றால் நெருக்கமானதுதானே நல்லது என்று நானும் தலையாட்டினேன். தேவகி என்னை ஒரு முறை முறைத்தாள்.

"சார், அத்த போட்டீங்கன்னா நாலு நாள்ல அடச்சிக்கும். காத்தே போவலன்னா குளிர் எங்கருந்து வரும்? கரண்டு பில்லுதான் வரும். கழுவுற வலையா ஒண்ணு முன்னாடி போடுங்க, வாரா வாரம் தண்ணியில அலசுங்க. அதுக்குப் பின்னாடி சாதா மடிப்பு ஃபில்டர் ஒண்ணு. போதும்."

"உசத்தி சரக்க வெச்சிகினு விக்க மாட்டேன்றியேம்மா!"

"உசத்திய வேற ஊட்டுக்கு வெச்சிருக்கேன் சார். உங்க ஊட்டுக்கு இல்ல."

அவர் சிரித்தபடி அவள் சொன்னதையே வாங்கிப் போனார். நான் தலையாட்டியதற்கான பாட்டு மட்டும் மதியச் சாப்பாடு வரை ஓடியது.

திருக்கழுக்குன்றத்து ஜவுளிக்கடைக்காரர் வீட்டு விஷயத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அழுகையும் சேர்ந்து வருகிறது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அங்கிருந்து போன்: வீட்டில் ஏசி ஓடுகிறது, காற்று வரவில்லை. இருவரும் போனோம். பூஜையில் எந்தப் பொருளையும் விட்டுவிடக் கூடாது என்று அந்த வீட்டு மருமகள் ஏசியைத் திறந்து, ஃபில்டர் வலை இரண்டையும் சுத்தமாகக் கழுவி, ஒவ்வொன்றிலும் குழைத்த சந்தனத்தைப் பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டியிருந்தாள். சந்தனம் காய்ந்து வலைக் கண்ணெல்லாம் அடைத்துவிட்டது. நான் சிரிப்பை அடக்கச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். தேவகி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பூசயெல்லாம் மேல வெள்ளப் பொட்டியோட நிறுத்திக்கமா. இது அதுக்கு மூக்கு மாதிரி. நம்ம மூக்குக்குள்ள யாராவது சந்தனம் வெப்பாங்களா?" என்றாள். அந்தப் பெண்ணே விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பூஜைப் பொரியோடு கடைக்கு வந்து போவாள். இந்தச் செய்தியை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

அவள் சொன்னதெல்லாம் சரி என்றும் எழுத மாட்டேன். கேட்டால் அவளே சண்டைக்கு வருவாள். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, புதுப்பட்டினத்தில் வீடு. சின்னப் பெண்ணுக்கு வீசிங். போகிப் புகை, அறுவடைத் தூசி எது வந்தாலும் குழந்தைக்கு மூச்சு இழுக்கும். ஆகவே நுண்தூசியைப் பிடிக்கும் மிக நெருக்கமான ஃபில்டரை வெளியூரிலிருந்து வரவழைத்துக் குழாய் ஏசியில் மாட்டியிருந்தார்கள். காற்று போதாமல் மெஷினுக்குள் குளிரூட்டும் சுருள் பனிக்கட்டியாக உறைந்து, தண்ணீர் பொய்க்கூரையிலிருந்து ஒழுகியது. தேவகி ஒரே பிடியாக நின்றாள்: இந்த ஃபில்டர் இந்த மெஷினுக்கு ஆகாது, சாதாவைப் போடுங்கள். குழந்தையின் அம்மாவும் விடவில்லை: "மெஷினுக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்றீங்க. என் பொண்ணுக்கு முட்டுதே, அதுக்கு என்ன வழி?"

வழியை அந்த அம்மாவே சொன்னார். காற்று இழுக்கும் ஜாலியைப் பெரிதாக்கி, அதற்கேற்ற அகலமும் தடிமனும் உள்ள ஃபில்டரைப் போட்டால், நெருக்கமாக இருந்தாலும் மொத்தத்தில் போதுமான காற்று போகும் அல்லவா என்று கேட்டார். தேவகி கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அட, இது எனக்குத் தோணவே இல்லியே! அண்ணாத்த, அளவெடு" என்றாள். பொய்க்கூரையை வெட்டினோம், பெட்டி செய்தோம், மாட்டினோம், காற்றின் வேகத்தைச் சோதித்துப் பார்த்தோம். சரியாக வந்தது. அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "புதுப்பட்டினத்துல ஒரு அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றே அந்த யோசனையைச் சொல்வாள். ஒருமுறைகூடத் தன் யோசனையாகச் சொன்னதில்லை.

இறப்பதற்கு முந்தின நாள் மகளோடு போனில் சண்டை. ஹேமா டெல்லியில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரே மெஷின் கோடையில் குளிரவும் பனியில் சூடாகவும் காற்று தரும். ஊர்க் காற்று மோசம் என்று அந்த மெஷினின் வலைக்கு மேலே யாரோ விற்ற ஒட்டுத் துணியை ஒட்டி வைத்திருக்கிறாள். அறை சூடே ஆகவில்லை என்று அம்மாவிடம் புகார். "அத்தப் பிச்சி எறிடி. மெஷினுக்கு வெறும் வலை போதும், கழுவிகினு இரு. நுண்தூசிக்குத் தனியா ஒரு மெஷின் வாங்கி மூலையில வெய்யி. ஒரு வேலக்கு ஒண்ணு" என்று இங்கே மேசையைத் தட்டினாள். வலையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போட்டோ அனுப்பச் சொன்னாள். போட்டோ வந்தது. "தூ, இதுவா வலை? கம்பளி!" என்று எனக்கும் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தாள். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவ்வளவுதான். இதில் நான் எதைக் கவனித்திருக்க வேண்டும் என்று என்னையே கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

படாளம் போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிரூட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். டெல்லியில் பனிமூட்டத்தால் விமானம் கிளம்பவில்லை. ஹேமா மறுநாள் காலைதான் வர முடியும். அதுவரை உடல் தாங்க வேண்டும். மூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு வந்து மூஞ்சியப் பாக்கணும்ணே. அது ஒண்ணு போதும்" என்றார். நான் தேவகியின் முகத்தைப் பார்க்க இரண்டு முறை முயன்றேன். கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்து மங்கலாக இருந்தது. அப்போதுதான் என் காது விழித்தது. பெட்டியின் கம்ப்ரசர் முக்கி முக்கி ஓடி, நின்று, மறுபடி முக்கியது. உள்ளே குளிர் இல்லை.

கால் பக்கம் அடியில் ஒரு ஜாலி இருக்கும். மெஷின் அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கும். வருகிற சொந்தமெல்லாம் மாலையைக் கொண்டுவந்து காலடியில் போட்டுப் போட்டு அந்த ஜாலி ரோஜாவும் சம்பங்கியுமாக மூடிக் கிடந்தது. வாழைப்பழத்தில் செருகிய ஊதுவத்திக் கட்டு அதன் வாயிலேயே புகைந்துகொண்டிருந்தது. நான் குனிந்து மாலைகளை அள்ளினேன். மூர்த்தியின் அண்ணன் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா பண்ற? அதுக்குப் போட்ட மாலைய நீ இன்னாத்துக்கு எடுக்கற?"

"காத்து போவலங்க. கெட்டுப்பூடும்."

"பொட்டிக்காரன் பாத்துப்பான். நீ கைய எடு!"

பெட்டியை வாடகைக்குக் கொடுத்தவர் வேறொரு சாவு வீட்டில் இருந்தார். அவருக்குப் போன் போட்டாயிற்று, எடுக்கவில்லை. சுற்றி இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நாளைக்குக் காலைல ஹேமா வந்து பாக்கறதுக்கு மொகம் வேணுமா வேணாமா?" என்று அந்த வீட்டில் கத்திவிட்டேன். மூர்த்திதான் எழுந்து வந்தார். மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவர் ஆணியில் மாட்ட ஆரம்பித்தார். அண்ணன்காரர் ஊதுவத்திப் பழத்தைத் தூக்கித் தலைமாட்டில் வைத்தார்.

மெஷினை நிறுத்தி ஜாலியைக் கழற்றினேன். உள்ளே இருந்த வலையைக் கொல்லைக் குழாயடிக்கு எடுத்துப் போனேன். கழுவுவதற்கு முன் என் கை தானாக அதை வெயிலுக்கு எதிரே தூக்கியது. ஒரு துளி வெளிச்சம் வரவில்லை. சாம்பிராணிப் பிசுக்கு, காய்ந்த மல்லிகை, ஊதுவத்திச் சாம்பல், நெல் சுங்குத் தூசி, நீள நீளமான தலைமுடி. எத்தனையோ வீட்டுச் சாவு அதில் படிந்திருந்தது. ஒருவரும் அதைக் கழுவவில்லை. தேவகி இதைப் பார்த்திருந்தால் பெட்டிக்காரரை மதுராந்தகம் ஏரி வரைக்கும் துரத்தியிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததும் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

வலையைக் கழுவி உதறி மாட்டினேன். நிறுத்திய மெஷினை உடனே போடக் கூடாது, கொஞ்சம் ஆற விட வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் வீடு முழுக்க என்னையே பார்த்தது. அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்த வயல் பக்க ஜன்னலை மூடச் சொன்னேன். சுவிட்சைத் தட்டினேன். சத்தம் சீராக எழுந்தது. வெகுநேரம் கழித்து, கண்ணாடியில் இருந்த நீர் மெல்ல விலகி அவள் நெற்றிப் பொட்டு தெரிந்தது. மூர்த்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஹேமா மறுநாள் காலை வந்தாள். கண்ணாடியில் கன்னத்தை வைத்து அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினாள். "மாமா, அம்மாவுக்கு ஏசி ஆவாது மாமா. எங்க வூட்ல அதுக்காகவே போடல. கொஞ்சம் கொறச்சு வைங்களேன்" என்றாள்.

எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தும் தெரியாது. வாசலோர மேசைதான் வேண்டும் என்று அவள் ஏன் அடம்பிடித்தாள், கடைக்குள் ஏன் முந்தானையை எப்போதும் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள் என்று அந்த நிமிடம்தான் விளங்கியது. அந்தப் பெட்டியில் குளிரைக் குறைக்க வழி கிடையாது. ஓடும், அல்லது நிற்கும். நான் குனிந்து, எதையோ திருகுவதுபோல் கொஞ்ச நேரம் கையை அடியில் வைத்திருந்தேன்.

"கொறச்சிட்டேம்மா" என்றேன்.

மெஷின் விஷயத்தில் தேவகி யாரிடமும் பொய் சொன்னதில்லை. என்னையும் சொல்ல விட்டதில்லை. ஆகாததை ஆகும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லிவிட்டால், வாடிக்கையாளர் முன்னாலேயே மறுத்துப் பேசி மானத்தை வாங்கிவிடுவாள். அவள் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பயம்தான். அன்றைக்கு அவளை நடுவில் வைத்துக்கொண்டே அவள் மகளிடம் பொய் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் மறுத்துப் பேசுவதற்காகக் காத்திருந்தேன்.