நீர்க் குளிசை

போன மாதம் என் கணுக்கால்கள் வீங்கத் தொடங்கின. வவுனியாவில் ஒரு இளம் டொக்டர், என் மகளைவிட வயது குறைந்தவர், கட்டைவிரலால் என் காலை அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "பயப்பிட ஒண்டுமில்லை அன்ரி. தண்ணி வெளியேறுறதுக்கு ஒரு குளிசை தாறன், காலமை போடுங்கோ. அடிக்கடி பாத்றூம் போக வரும். அதுக்குப் பயந்து போடாமல் விட்டிடாதேங்கோ" என்றார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நான் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். நோய்க்குத்தான் கலங்குகிறேன் என்று நினைத்து அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

இப்போதெல்லாம் குளிசையைப் பளபளக்கும் பிளாஸ்ரிக் பையில் தருகிறார்கள். சண்டைக் காலத்து ஆஸ்பத்திரியில் நாங்கள் கொடுத்த பைகள் பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாள்களை மடித்து, மா காய்ச்சி ஒட்டியவை. மழை நாளில் அந்தப் பசை புளித்து மணக்கும். யாரோ ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை பிழையாகச் செய்த கழித்தல் கணக்குக்குள் ஒரு கிழவரின் ஒரு கிழமை மூச்சு இருக்கும்.

கிளிநொச்சி நகரம் முழுதாக இடம்பெயர்ந்து காடுகளுக்குள் சிதறியிருந்த காலம் அது. உள்ளே ஒரு கிராமத்தில், கிடுகு வேய்ந்த கொட்டிலில் எங்கள் ஆஸ்பத்திரி நடந்தது. எனக்கு இருபத்துமூன்று வயது, மருந்து கொடுக்கும் வேலை. கோதுமை மாச் சாக்கில் வெள்ளைக் கோட் ஒன்று தைத்துப் போட்டிருந்தேன். எவ்வளவு தோய்த்தாலும் முதுகில் அச்சடித்த மாவின் நிறை மங்கலாகத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். டொக்டர் ஐயா ஓய்வுபெற்ற பின் திரும்பி வந்தவர், மூக்குக்கண்ணாடியின் ஒரு கையை நூலால் கட்டியிருப்பார். மருந்து வவுனியாவுக்கு அப்பாலிருந்து, இராணுவத்தின் அனுமதி கிடைத்தால் வரும். கிடைக்காவிட்டால் நானும் அவரும் வெறும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

செவ்வாய்க்கிழமைகளில் இருதய நோயாளர் வருவார்கள். இருவரை நான் மறக்கவில்லை.

ஒருவர் உருத்திரபுரத்தில் நெல் விதைத்த கமக்காரர் சின்னத்துரை. அவரை நான் கண்டது குறைவு. அவருக்குப் பதிலாக மனைவி பூமணி அக்கா வருவா. கையில் ஒரு நூல் இருக்கும். காலையில் புருசனின் கணுக்காலைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவா. டொக்டர் ஐயா பழைய முடிச்சையும் புது முடிச்சையும் பார்த்து மருந்து சொல்லுவார். அந்த மனிசனுக்கு உப்பில்லாமல் தனிச் சட்டியில் கறி. படுத்தால் மூச்சு முட்டும் என்பதற்காக, இடம்பெயரும்போது நெல்லு மூட்டையைக்கூட விட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்திருந்தா.

மற்றவர் திரேசம்மா. முல்லைத்தீவுக் கரையோரம். புருசனைக் கடல் கொண்டுபோய் இருபது வருடம் இருக்கும், வெளிநாடு போன மகனிடமிருந்து கடிதமும் நின்றுபோயிருந்தது. இரண்டரை மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், மூன்று குடும்பங்களுக்கு நடுவே, ஒரு மூலையில் சீலை கட்டி மறைத்துக்கொண்டு இருந்தா. மதகுக்கு மதகு குந்தியிருந்து மூச்செடுத்து, தானே நடந்து வருவா.

இருவருக்கும் ஒரே நோய், ஒரே குளிசை. நாளுக்கு ஒன்று என்று சரிசமமாக எண்ணிப் போட்டுக் கொடுப்பேன். எனது நேர்மையில் எனக்குப் பெருமை வேறு.

சின்னத்துரையின் நூல் கிழமைக்குக் கிழமை சுருங்கியது. திரேசம்மாவின் கால் முழங்கால்வரை பொங்கியது.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?" என்று டொக்டர் ஐயா கேட்பார்.

"ஓம் ஐயா."

எனக்குச் சந்தேகம் உப்பில். வரிசையாக மர வாங்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்க, "கருவாடு தின்னுறீங்களோ அம்மா?" என்றேன்.

"ஓம் பிள்ளை. அதுகள் சமைக்கிறதைத்தான் நானும் தின்னுறன். எனக்கெண்டு வேறை சட்டி வைக்கச் சொல்ல ஏலுமே?"

"ஏலாட்டில் வீக்கம் வத்தாது" என்றேன். இப்படித்தான் சொன்னேன். சாக்குக் கோட்டும் நானும்.

கையிருப்புக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு செவ்வாய் டொக்டர் ஐயா என்னைத் தனியே கூப்பிட்டு, "திரேசம்மாவுக்கு ரெண்டாக்கு. சின்னத்துரை தேறியிட்டார், அவருக்கு அரை காணும்" என்றார். சவர அலகால் குளிசையை இரண்டாக வெட்டினேன். பூமணி அக்கா பையைத் திறந்து பாதிகளைப் பார்த்துவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனா. மூன்றாவது கிழமை நூலின் முடிச்சு இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தது. அதை மேசையில் நீட்டி வைத்துவிட்டுச் சொன்னா:

"கதிரையிலையும் இருக்கேலாமல் இருக்கு பிள்ளை. முழுசாத் தரேலாதோ?"

"இல்லை அக்கா. இருந்தாத் தரமாட்டனோ?"

சத்தமில்லாமல் அழுதா. பக்கத்து வாங்கில் திரேசம்மா தன் பையை மடியில் பொத்தி வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அடுத்த செவ்வாய் திரேசம்மா வரவில்லை. மறுநாள் மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முதல்முறையாக. அதையும் சொல்லத்தான் வேண்டும், அதற்குமுன் ஒருநாளும் நான் போனதில்லை.

சுவரில் சாய்ந்திருந்தா. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு. என்னைக் கண்டதும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பவுடர் டின்னை எடுத்து நீட்டினா.

"இதைப் பூமணியின்ரை மனுசனுக்குக் குடு பிள்ளை."

திறந்தேன். கழுத்துவரை எங்கள் குளிசைகள்.

எனக்கு வந்தது கோபம்தான். "அந்த மனிசன் அங்கை மூச்சுக்குத் தவிக்குது. நீங்கள் இதைச் சேர்த்து வைச்சிருக்கிறியள்."

"முதல் கிழமை போட்டனான். போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ளை முட்டிக்கொண்டு வருகுது. பகலிலை எங்கை பிள்ளை போறது?"

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். அந்த வளவில் முந்நூறு பேராவது இருப்பார்கள். ஆசிரியர்களுக்காகக் கட்டிய ஒரேயொரு கக்கூஸ் நிரம்பி, கதவில் முள்ளுக் கட்டியிருந்தது. பெண்கள் இருட்டும்வரை பொறுத்திருந்து பற்றைக் காட்டுக்குப் போவார்கள். பற்றைக்குப் போகும் வழியில் மதகு, மதகில் நாள் முழுதும் ஆம்பிளைகள்.

"ஒருநாள் இந்தப் பாயிலையே போயிட்டுது. சின்னனுகள் பார்த்துக்கொண்டு நிண்டதுகள். அண்டைக்குப் பிறகு போடேல்லை."

"ஏனம்மா எங்களிட்டைச் சொல்லேல்லை?"

"டொக்டர் ஐயா ஆம்பிளை. நீ கேட்டது கருவாட்டைப் பற்றித்தானே."

டின்னைப் பிடித்தபடி நின்றேன்.

அதிலிருந்து ஒரு பிடி குளிசையை அவவிடமே விட்டுவிட்டு, நேரே பூமணி அக்காவின் கொட்டிலுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சின்னத்துரை கதிரையில் முன்னுக்குச் சரிந்து, வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா திட்டுவா என்றுதான் எதிர்பார்த்தேன். டின்னை வாங்கி உள்ளே பார்த்தா.

"இவருக்கு ஒண்டுக்குப் போக நான் சட்டி பிடிக்கிறன். அவாவுக்கு ஆர் இருக்கினம்?" என்றா.

மறுநாள் காலை பூமணி அக்கா மண்வெட்டியும் தலையில் கிடுகுக் கட்டுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. மண்டபத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பின்பக்கத்தில் கக்கூசுக்குக் குழி வெட்டினோம். வெட்டினோம் என்கிறேன், என் உள்ளங்கை பத்து நிமிடத்தில் கொப்பளித்துவிட, கிடுகு கட்டுகிற வேலைக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு நாளில் முடிந்தது. வாசலுக்கு ஒரு சாக்கு. திரேசம்மாவின் மூலையிலிருந்து இருபது அடி, மதகுப் பக்கம் தெரியாது.

திரேசம்மா குளிசை போட்டா. ஒரு குடும்பத்துப் பெண் தானாகவே உப்புப் போடுமுன் ஒரு அகப்பைக் கறியைத் தனியே எடுத்து வைத்தா. கேட்டிருந்தால் முதலே செய்திருப்பேனே என்றா. ஒன்பதாம் நாள் நான் போனபோது கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. திரேசம்மா அதைத் தடவிக்கொண்டிருந்தா.

"என்ரை கால்தான் பிள்ளை" என்று சிரித்தா.

அதற்குப் பிறகு மூன்று நாள்தான். ஒரு காலை எறிகணைகள் கிட்ட வந்து விழத் தொடங்கின. ஊர் ஒரே நேரத்தில் எழும்பியது. மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரத்தில் நானும் இருந்தேன். பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். மண்டபம் வெறுமையாக இருந்தது. அந்தக் குடும்பங்களோடு திரேசம்மாவும் போயிருப்பா என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்த மூன்று குடும்பங்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள், மற்றவர்கள் கூட்டிப் போயிருப்பார்கள் என்று.

பத்து நாள் கழித்து, புது இடத்தில், பூமணி அக்கா கையில் நூலோடு வந்தா. முடிச்சைக் காட்டவில்லை. முதலில் திரேசம்மாவைப் பற்றித்தான் சொன்னா.

"ரோட்டிலை ஒரு வீரை மரத்துக்குக் கீழை தனிய இருந்தவா. எங்கடை உழவு இயந்திரப் பெட்டியிலை தூக்கி ஏத்தினனாங்கள். இவர் தன்ரை கதிரையைக் குடுத்திட்டு நிலத்திலை இருந்தார். ஒரு மைல் போகேல்லை, என்ரை மடியிலையே போயிட்டா."

"குளிசை கொண்டுவரேல்லையோ?"

"மடியிலைதான் முடிஞ்சிருந்தவா. போடுங்கோ எண்டனான். வழியெல்லாம் சனம் பிள்ளை எண்டவா."

உழவு இயந்திரத்தைத் திருப்பி, அந்த வீரை மரத்தடியிலேயே புதைத்திருக்கிறார்கள். பூமணி அக்கா தன் சீலைத் தலைப்பைக் கிழித்து இரண்டு தடியைக் குருசாகக் கட்டி நட்டிருக்கிறா. சைவக்காரி, எந்தத் தடி நீளமாக இருக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல்.

டொக்டர் ஐயா கொப்பியில் திரேசம்மாவின் பெயருக்கு நேரே 'இருதயப் பலவீனம்' என்று எழுதிவிட்டுப் பேனையை மூடாமல் வைத்திருந்தார். "வேறை என்ன பிள்ளை எழுதுறது?" என்றார்.

சின்னத்துரை அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். பூமணி அக்கா இன்னும் மூன்று இடத்துக்கு அந்தக் கதிரையைத் தூக்கிக் காவினா. கடைசிச் சண்டைக்குள் அவவும் இல்லாமல் போனா, எங்கே என்று சொல்ல ஆளில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களில் அந்த வழியால் பஸ்ஸில் போனேன். பள்ளிக்கூடம் இரண்டு மாடியாகி, பெட்டைகளுக்குத் தனியாகக் கழிப்பறை கட்டி நீல வர்ணம் பூசியிருந்தது. வீதியை இருபுறமும் அகட்டித் தார்க் காப்பெட் போட்டிருந்தார்கள். ஓரத்து மரங்கள் ஒன்றும் இல்லை. அந்த வீரை எங்கே நின்றது என்று யாரைக் கேட்பது? எந்த இடத்தில் தலை குனிவது என்று தெரியாததால், மரம் நின்றிருக்கக்கூடிய அந்த ஒரு மைலும் குனிந்தபடியே இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண், சத்தி வருகிறதா என்று கேட்டு, வாந்தி எடுக்க ஒரு பையை நீட்டினா.