ஜன்னல் வழியாகப் போன பை

பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியிருக்கிறீர்களா?

நான் நிறைய ஓடியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஓடியிருக்கிறேன், ராஜபாளையத்தில் ஓடியிருக்கிறேன், ஒரு தடவை மம்சாபுரம் விலக்கில் செருப்பு அறுந்து வெறுங்காலோடு ஓடியிருக்கிறேன். ஆனால் போன மாதம் சிங்கப்பூரில் ஓடினேன் பாருங்கள்... நாற்பத்திரண்டு வயதில், ஒரு கையில் பால் பவுடர் டின்னும் இன்னொரு கையில் சேலைக் கொசுவமுமாக! இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

தம்பி சேகருக்கு அங்கே கப்பல் கட்டும் இடத்தில் வேலை. குழந்தை பிறந்திருந்தது. 'அக்கா, நீயும் அத்தானும் வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போங்க' என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டான்.

என் வீட்டுக்காரரை இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். கோர்ட்டில் குமாஸ்தா. கழற்றிப் போடுகிற செருப்பைக்கூடக் குனிந்து நேராக்கிவிட்டு வருகிற மனுஷர். விமானத்தில் ஏறியதிலிருந்து ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். எட்டிப் பார்த்தேன். அந்த ஊரில் எதற்கெல்லாம் அபராதம் போடுவார்கள் என்ற பட்டியல்!

இறங்கிய நிமிஷத்திலிருந்து எனக்கு அதிர்ச்சிமேல் அதிர்ச்சி. ரோடு நிறைய வண்டிகள், ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. விமானத்தில் அடைத்த காது இன்னும் திறக்கவில்லையோ என்று பயந்து, தலையை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன். பூமிக்கு அடியில் ரயில் – அதில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாதாம். மூக்கைத் துளைக்கிற நாற்றம் அடிக்குமாம் டுரியன் பழம், அதைப் படமாகப் போட்டு, குறுக்கே கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். பழத்துக்குத் தடை உத்தரவு! என் வீட்டுக்காரர் அதையும் நோட்டில் ஏற்றினார்.

பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. சில்லறையை நாமாகவே பெட்டியில் போட்டுவிட்டு ஏற வேண்டும். "போடாம ஏறிட்டா?" என்று தம்பியிடம் கேட்டேன். "ஏன்க்கா போடாம ஏறணும்?" என்று திருப்பிக் கேட்டான். போன ஆறு வருஷத்தில் பையன் என்னமாய்க் கெட்டுப்போயிருக்கிறான்!

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி சாப்பாட்டுக் கடையில். ஒரே கூரைக்குக் கீழே ஐம்பது கடை – ஒன்றில் பரோட்டா, ஒன்றில் நூடுல்ஸ், ஒன்றில் முழு வாத்து தொங்குகிறது. மத்தியானக் கூட்டம். தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலைகிறேன். நட்ட நடுவில் ஒரு மேஜை காலி. மேலே ஒரு சின்ன டிஷ்யூ பேப்பர் பாக்கெட் மட்டும் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

தம்பி பதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, எந்திரி! அதுல ஆள் இருக்கு!"

"எங்கலே இருக்கு?"

"அந்த டிஷ்யூ இருக்குல்ல... அதான் ஆள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் இருபது முப்பது பேர் கையில் தட்டோடு நிற்கிறார்கள். அத்தனை பேரும் அந்தக் காகிதப் பாக்கெட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒருத்தர் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் நிதானமாக வந்து உட்கார்ந்து, அந்த டிஷ்யூவை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நம் ஊரில் இடத்தோடு டிஷ்யூவும் போயிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை காலையில் ஊரிலிருந்து போன். மாமியார் எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, மீட்டர் ஓடுகிற பயத்தில் மூச்சு விடாமல் பேசினார். "ஞாயித்துக்கெழம ராஜபாளையத்துல இருந்து கமலாவப் பொண்ணு பாக்க வாராக. மாப்பிள்ளை மில்லுல சூப்பர்வைசர். நல்ல எடம். அண்ணன்காரன் இல்லாம எப்பிடிச் சபையில நிக்க? எப்பிடியாச்சும் வந்து சேருங்க."

கமலா என் நாத்தனார். மாமனார் இல்லாத வீடு. அவளுக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. இதற்கு முன்னால் நான்கு வரன் வந்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'போய் லெட்டர் போடுறோம்' என்று சொல்லிப் போனதோடு சரி. கடைசி வரன் போன அன்று ராத்திரி அவள் பாத்திரம் தேய்த்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்தாவதும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அடுத்த வாரம் கிளம்ப வேண்டிய நாங்கள் சனிக்கிழமை காலையே கிளம்புவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை நானும் அவரும் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு விமானக் கம்பெனி ஆபீஸுக்குப் போனோம். தேதியை மாற்றினோம். வருகிற வழியில் பால் பவுடர், தைலப் பாட்டில், கமலாவுக்கு ஒரு சேலை. பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் என் கறுப்பு ரெக்ஸின் பைக்குள் பத்திரமாக இருந்தது. ரயிலில் வந்து இறங்கி, தம்பி வீட்டுக்குப் போகிற சின்ன ரூட் பஸ்ஸுக்காக அந்தப் பெரிய பஸ் நிலையத்தில் நின்றோம்.

நின்றோம் என்றால்... வரிசையில்! கம்பிக்கு நடுவில், ஒருத்தர் பின்னால் ஒருத்தர். எனக்கு முன்னால் குறைந்தது அறுபது பேர். முழங்கால் வலி உயிர் போகிறது. பஸ் வந்து நின்றது. ஏ.சி. இல்லாத பழைய பஸ். ஜன்னலெல்லாம் 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் பஸ் நிற்பதற்கு முன்னால் இடம் பிடிக்கத் தெரியாதவள் பிழைக்க முடியுமா? துண்டு, கூடை, தூக்குவாளி... என் எதிர்வீட்டுக்காரி ஒரு தடவை கைப்பிள்ளையையே ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்து இடம் பிடித்தவள். திறந்த ஜன்னலைப் பார்த்ததும் என் மூளை எதுவும் யோசிக்கவில்லை. கை மட்டும் வேலை செய்தது. கம்பிக்கு வெளியே எட்டி, பையை ஒரு சுழற்றுச் சுழற்றி...

விட்டேன். ஜன்னலோர சீட்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது!

அறுபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. "என்ன சரசு செஞ்ச?" என்றார். "எடம் போட்டுருக்கேன், பேசாம வாங்க" என்றேன், பெருமையாக.

வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது டிரைவர் உள்ளங்கையைக் காட்டினார். பஸ் நிறைந்துவிட்டதாம். கதவு புஸ்ஸென்று மூடிக்கொண்டது. பஸ் கிளம்பிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ! ரெண்டு பாஸ்போர்ட்டும் போகிறது. ரெண்டு டிக்கெட்டும் போகிறது. கமலா கல்யாணம் போகிறது!

"ஏலே! நிறுத்துலே! என் பை! ஏலே டிரைவரு!"

ஓடினேன். சிங்கப்பூர் சரித்திரத்தில் அந்த பஸ் நிலையத்தில் யாரும் அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். வளைவில் பஸ் திரும்பி மறைந்தது. மூச்சு இரைக்கத் திரும்பி வந்தால், அவர் அந்தச் சின்ன நோட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார். நான் செய்த குற்றம் அதில் இல்லை.

அங்கே கண்ணாடி அறைக்குள் ஒரு மேற்பார்வையாளர். நல்லவேளை, தமிழர். அங்கேயே பிறந்து வளர்ந்தவராம். நான் அழுதுகொண்டே சொன்னதை முழுவதும் கேட்டார்.

"பை கைதவறி விழுந்துருச்சாம்மா?"

"இல்லங்க. நான்தான் எறிஞ்சேன்."

"எறிஞ்சீங்களா? ஏன்?"

"இடம் பிடிக்க..."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாஸ்போர்ட் இருக்கிற பையை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ் ஒரு வட்டம் சுற்றிவிட்டு இங்கேயேதான் திரும்பி வரும், அரைமணி நேரம் ஆகும், உட்காருங்கள் என்றார். யாராவது எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால்? மறுநாள் விடிந்தால் விமானம். தூதரகம் திங்கட்கிழமைதான் திறக்கும். பெஞ்சில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதவர். அன்றும் திட்டவில்லை.

"கமலாட்ட நான் என்ன சொல்லுவேன் சரசு?" என்று மட்டும் கேட்டார்.

நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆண்டாளை வேண்டினேன், வைத்தியநாத சுவாமியை வேண்டினேன், அந்த ஊர் மாரியம்மன் பெயர் தெரியாததால் பொதுவாக வேண்டினேன்.

பஸ் வந்தது. மேற்பார்வையாளர் முன்னால் போனார், நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே அப்போதும் கூட்டம் – நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னலோர சீட்டில் என் பை உட்கார்ந்திருந்தது. நான் எறிந்தபோது எப்படிச் சாய்ந்து விழுந்ததோ, அதே சாய்வில்!

திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. மேற்பார்வையாளர் டிரைவரிடம் சீனத்தில் ஏதோ கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பை வச்சு யாரோ இடம் பிடிச்சிருக்காங்கன்னு யாருமே உக்காரலயாம்மா. சுத்து முழுக்க நின்னுக்கிட்டே வந்திருக்காங்க."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் பை சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்திருக்கிறது, ஜன்னலோரம் உட்கார்ந்து! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண், மூங்கில் குச்சி மாதிரி ஒரு பெரியவர் – இவர்களெல்லாம் பக்கத்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்களுக்கு எதற்கென்று புரிந்திருக்காது.

மறுநாள் மதராஸ். அங்கிருந்து ராத்திரி ரயில். அது நடுவழியில் மூன்று மணி நேரம் நின்று, ஞாயிறு மத்தியானம்தான் மதுரையில் இறக்கிவிட்டது. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண்ணைப் பார்த்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ்ஸைச் சுற்றி தேர்க்கூட்டம். பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஆனால் பழக்கம் விடுமா? அவர் தோளில் கிடந்த துண்டை உருவி ஜன்னல் வழியாகப் போட்டேன்.

முட்டி மோதி ஏறினால், துண்டின் மேலேயே ஒரு மீசைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, துண்டு போட்டுருக்கோம்ல?"

"துண்டுதானம்மா வந்துச்சு? ஆளு வரலியே?" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சிங்கப்பூர்ல போய்ப் பாருங்க" என்று ஆரம்பித்தேன். "அப்ப அங்கயே இருந்துருக்க வேண்டியதுதான?" என்றார். பஸ்ஸே சிரித்தது. கிருஷ்ணன்கோவில் வரை நின்றுகொண்டே வந்தேன். வழி நெடுக மனதுக்குள் புலம்பல் – என்ன ஜனங்கள், என்ன ஊர்!

மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து குதித்தபோது மணி நாலு பத்து. வாசல் நிறையச் செருப்பு. மூன்று மணிக்கே வந்துவிட்டார்களாம். போச்சு, கோபத்தில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தார். நான் பின்னால்.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த மடக்கு நாற்காலி எட்டு. வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா சுவரில் சாய்ந்து நிற்கிறார். இரண்டு மூன்று ஆண்கள் ஜமக்காளத்தில். மாப்பிள்ளையே ஜன்னல் கட்டையில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். நட்ட நடுவில், மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலி.

"வாங்க தம்பி" என்றார் அந்த அம்மாள். "இது ஒங்க எடம். உக்காருங்க. பொறவு பொண்ண வரச் சொல்லுவோம்."

மாமியார் பிறகு அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னார். ராகுகாலம் வருகிறதே, பெண்ணைப் பார்த்துவிடலாமே என்று அவர்கள் ஆட்களே அவசரப்படுத்தினார்களாம். அந்த அம்மாள் அசையவில்லையாம். "அம்புட்டுத் தூரத்துல இருந்து தங்கச்சிக்காக ஓடி வாராக. செத்த நேரம் பொறுக்க முடியாதா? அண்ணன் வரட்டும்." பெரியப்பாவே அந்த நாற்காலியில் உட்காரப் போனபோது, "அதுல ஆள் வருது" என்று தடுத்துவிட்டாராம்.

எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. சிங்கப்பூரில் பட்ட அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கமலா காபித் தட்டோடு வந்தாள். இந்தத் தடவை யாரும் லெட்டர் போடுவதாகச் சொல்லவில்லை. அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். வைகாசியில் கல்யாணம்.

எல்லோரும் போன பிறகு அந்தக் காலி நாற்காலியைப் போய் நன்றாகப் பார்த்தேன். பை இல்லை, டிஷ்யூ இல்லை... ஒரு துண்டுகூடப் போட்டிருக்கவில்லை.