ஒரு பிடி சுண்ணாம்பு

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பன்னீர் ரோஜா, பூலாம்பாடியில் வாழ்க்கைப்பட்ட சின்னம்மா கொடுத்த குச்சி. அம்மா அதைச் சும்மா மண்ணில் ஊன்றினாள், பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆடி, மார்கழி என்று பார்க்காமல் பூத்தது. கடை ரோஜா மாதிரி நீளக் காம்பில் விறைப்பாக நிற்காது. வெளிர் சிவப்பில் தளர்ந்து விரியும், சாயங்காலம் தொட்டால் உதிர்ந்துவிடும். ஆனால் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். பூவை மட்டும் கிள்ளாமல், கீழே ஐந்து இலைக் கணு வரை சேர்த்து ஒடிப்பாள் அம்மா. அந்தக் கணுவிலிருந்துதான் அடுத்த பூ. தினமும் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டுதான் களை வெட்டப் போவாள்.

சின்னம்மா இறந்தபின் அவர்கள் வீட்டை இடித்துக் கட்டினார்கள். வாசல் முழுக்க சிமெண்ட். தாய்ச்செடி போய்விட்டது.

"அவ மூஞ்சிய பாக்கணும்னா இனிமே இதத்தான் பாக்கணும்" என்றாள் அம்மா.

அந்தச் செடியில்தான் போன வருஷம் பூ சிறுத்தது.

"நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவனாச்சே, என்னான்னு பாரு தம்பி."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ரேஷன் கார்டு ஃபாரம், காய்ச்சல் மாத்திரையின் பின்பக்கம், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, எல்லாம் என்னிடம்தான் வரும். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ரோஜாவுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று போனில் எங்கோ படித்திருந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சியது மூலையில் கிடந்தது.

"மாசம் ஒரு பிடி, வேரச் சுத்திப் போடும்மா."

மறந்துவிடக் கூடாது என்று அமாவாசைக்கு அமாவாசை போட்டாள். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இலை மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு பிடி போடச் சொன்னவனும் நான்தான்.

கடைசியில் ஒரு கொத்து இலையை ஒடித்துப் பையில் வைத்து, பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு நர்சரிக்காரரிடம் காட்டினேன்.

"எந்த ஊரு தம்பி?"

"அரியலூர் பக்கங்க."

"என்ன போட்டீங்க?"

சொன்னேன். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏங்க, சிமெண்ட் ஃபேக்டரிக்காரன் ஒங்க ஊரு மண்ணத்தான் லாரி லாரியா அள்ளிட்டுப் போறான். அந்த மண்ணுக்குச் சுண்ணாம்பா? கடல்ல உப்பு கொட்டுனாப்புல இருக்கு. என்ன வேல பாக்குறீங்க?"

வாத்தியார் என்றேன். என்ன பாடம் என்று கேட்காமல் விட்டார்.

சுண்ணாம்பு மிஞ்சி இரும்புச் சத்து ஏறவில்லை, அன்னபேதி உப்பைக் கரைத்து ஊற்றுங்கள் என்றார். பத்து நாள் பச்சையாகும், அப்புறம் பழையபடிதான் என்றும் சொன்னார். "இந்த ரகம் இப்ப யாரு வச்சிருக்கா? உசுரு இருக்கும்போதே ஒரு கிளைய வளச்சு பதியம் போட்டு எடுத்துருங்க. செம்மண்ணுல போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன். "நான் சொன்னது தப்பும்மா. சுண்ணாம்புதான் அதக் கொல்லுது."

"யாரு சொன்னா?"

"நர்சரிக்காரரு."

"அவரு எத்தனாவது படிச்சிருக்காரு?"

எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி, வேரடி மண்ணில் பிழிந்து காட்டினேன். நுரைத்துப் பொங்கியது, மண்ணில் அத்தனை சுண்ணாம்பு. வகுப்பில் செய்து காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளக்கும் சோதனை அது.

அம்மா குனிந்து பார்த்தாள். "பொங்குதே! மண்ணுல நல்லா சத்து ஏறியிருக்குன்னுதான அர்த்தம்?"

மிச்சமிருந்த சுண்ணாம்பை அன்றே கொண்டுபோய் ஓடையில் கொட்டினேன். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, தோலைச் சீவி, செம்மண் நிரப்பிய பையில் பதித்து மேலே கல் வைத்தேன். அன்னபேதித் தண்ணீரும் ஊற்றினேன். பத்து நாள் பச்சை வந்தது. அவர் சொன்னபடியே போய்விட்டது. பதியத்தில் மட்டும் ஒரு தளிர் விட்டிருந்தது. அந்தத் தளிரைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அடுத்த அமாவாசை அன்று பள்ளி விட்டு வந்தபோது செடியைச் சுற்றி வெள்ளையாக வட்டம் போட்டிருந்தது. பதியப் பையும் வெள்ளையாக இருந்தது. தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. தளிர் தொங்கிக் கிடந்தது.

"ஏம்மா?" என்றேன்.

"மேல வூட்டுல கேட்டு வாங்கியாந்தேன். நீ மொத மொத சொன்னது படிச்சுட்டு சொன்னது. அப்புறம் சொன்னது அடுத்தவன் பேச்சக் கேட்டு சொன்னது. எனக்குத் தெரியாதா?"

நான் உட்கார்ந்து பையிலிருந்த ஈர மண்ணை விரலால் வழித்தேன். கலந்துவிட்டிருந்தது, பிரிக்க முடியவில்லை. குழாயடியில் கை கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்:

"சின்னதுக்கு ஒரு பிடிதான் போட்டேன். அது மட்டும் பட்டினி கெடக்குமா, பாவம்."

அவள் கொண்டையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பூ இருந்தது.