ரத்தத்துக்கு வேலை வைத்தவள்

கடைக்குப் புது மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் வந்தால் அதிலிருக்கும் போலிக் கண்ணாடிகளைக் கட்டைவிரலால் டக்கென்று தள்ளி எடுத்துவிடுவாள். மற்ற கடைகளில் அவை குப்பைக்குப் போகும். இவளிடம் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கியதும், வீட்டார் ஆடும் கதை விளையாட்டில் அவைதான் நாடுகள். மேஜையில் விரித்த வரைபடத்தின்மேல் வைத்து, ஒவ்வொன்றிலும் ஆள்பவர் பெயரை மார்க்கரால் எழுதுவாள். அடியில் ஆறும் மலையும் தெரியும்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் மூத்த மருமகள், எல்லாருக்கும் அண்ணி. கணவர், நாத்தனார், கொழுந்தன் மூவரும் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்ட, கதையை நடத்துவது அவள். ராட்சசன் உறுமுவதும் அவள் வாயால்தான், மழை பெய்வதும் அவள் வாயால்தான்.

இதே மாதிரி வேறோர் ஆட்டத்தின் பழைய விதிப்புத்தகம் ஒன்று கிடைத்தது. கடவுள்கள் இறங்கி வந்து சில குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்ட உலகம் அது. அந்த ரத்தம் ஓடுபவர்தான் நாடாளலாம். வரி, கோட்டை, பஞ்சம் என்று ஆட்சி நடத்தும் விதிகள் அவளுக்குப் பிடித்துப்போய், தங்கள் கதைக்குள் தூக்கி வந்தாள்.

"நம்ம கதையில சாமிங்க கீழயே எறங்கறதில்லையே. ரத்தம் எப்படி வரும், கூரியர்லயா?" என்றார் கணவர்.

நியாயமான கேள்வி. லென்ஸ் தேய்த்துக்கொண்டே வாரம் முழுக்க முணுமுணுத்தாள். "வெள்ளத்துல ஓடிப்போனா ரத்தம் கொறையும்" என்றதைக் கேட்டு, கண்ணாடி வாங்க வந்த பெரியவர், "எனக்குச் சர்க்கரைதாம்மா, ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கடைசியில் விதியைத் திருப்பிப் போட்டாள். ரத்தத்தைக் கொடுப்பது கடவுள் அல்ல, மண். ஆபத்தில் யார் ஊர்மக்களோடு நிற்கிறார்களோ அவர்களுக்கு ஊறும், நிற்காதவருக்கு வற்றும்.

வற்றியது கொழுந்தனின் ராஜாவுக்கு. ஆற்றுநாட்டில் வெள்ளம் வந்தபோது அவர் வேட்டையில் இருந்தார். ஊரைக் கரையேற்றியது நாத்தனாரின் படகுக்காரி.

"புத்தகத்துல அப்படி இல்லையே அண்ணி. நான் சூரிய வம்சம்."

"வெள்ளம் வந்தப்ப சூரியன் எங்க போயிருந்துச்சு தம்பி?"

"ரத்தம்னா பொறப்புல வரணும். இல்லேன்னா நான் ஆட்டத்துக்கே வரலை." நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அவன் போனால் ஆட்டமே கலையும். மேஜையில் எல்லாருக்கும் அது தெரியும்.

கணவர் வழக்கம்போல மதில்மேல் ஏறினார். "விளையாட்டுதானே, விடேன்."

"விளையாட்டுலயே விட்டுத் தர மாட்டேங்கறீங்க. வேற எங்க தருவீங்க?"

வெளியே பெயர்ப்பலகையில் மாமனார் பெயரோடு 'அண்ட் சன்ஸ்' என்றிருக்கிறது. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்குவது நாத்தனார்.

நாத்தனார்தான் முதலில் இறங்கி வந்தாள். எப்போதும் அவள்தான் வருவாள். "விடுங்க அண்ணி. எனக்குப் படகே போதும்."

"உனக்குப் போதும். ஆத்துக்குப் போதாது."

கொழுந்தன் பாதி எழுந்த நிலையிலேயே நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஆற்றுநாட்டை வரைபடத்திலிருந்து எடுத்தாள். வாடிக்கையாளர் கண்ணாடிக்குச் செய்வதுபோலவே வாயருகே வைத்து ஊதி, துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ராஜாவின் பெயரில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. ஆற்றின் மேலேயே திரும்ப வைத்து, மார்க்கரின் மூடியைக் கழற்றி, நாத்தனார் பக்கம் நீட்டினாள்.